மீள்சுழற்சி: செய்வோனை மறைக்கும் ஒரு சொல்

2019 ஆம் ஆண்டு யூலை மாதத்தில், கொழும்புத் துறைமுகத்திலும் கட்டுநாயக்க வர்த்தக வலயத்திலும் தேங்கிக் கிடந்த கொள்கலன்கள் பற்றிய செய்தி நாட்டிற் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. 2017 ஆம் ஆண்டு தொடக்கம் பிரித்தானியாவிலிருந்து வந்திறங்கிய அக்கொள்கலன்களின் தொகை 263 எனப் பின்னர் கணக்கிடப்பட்டது. ஏறத்தாழ 3000 தொன் எடையுள்ள அப்பொருள்கள், ஆவணங்களிற் பாவித்த மெத்தைகள் என்றும் கம்பளங்கள் என்றும் தரைவிரிப்புகள் என்றும் குறிக்கப்பட்டிருந்தன. அவற்றிலிருந்து பயன்தரும் பகுதிகளைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றுமதி செய்வதே நோக்கம் எனக் கூறப்பட்டது. திறந்து பார்த்தபோது மருத்துவக் கழிவுகளும் அவற்றுட் கலந்திருந்தன எனச் சுங்க அதிகாரிகள் தெரிவித்தனர். சுற்றாடல் அமைப்பொன்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடியது. 2020 செப்டெம்பரில் முதற்றொகுதியும் 2022 பெப்ருவரியில் இறுதித் தொகுதியும் வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டன.

இந்நிகழ்ச்சியைச் சட்டவியலாளரும் சுற்றாடலியலாளரும் தத்தம் துறை நின்று ஆராய்ந்துள்ளனர். மொழியாய்வாளரும் இதனைத் தம் துறைக்குரிய விடயமாகக் கொள்ளவேண்டும் என்பதே இக்கட்டுரையின் தொடக்க எண்ணம். ஏனெனில், 'கழிவு' என்ற பெயரோடு ஒரு நாட்டினுள் நுழைவதற்கு இடர்ப்படும் பொருள், 'பிரித்தெடுத்து மீளப் பயன்படுத்தத்தக்க பொருள்' என்ற பெயரோடு எளிதாக நுழைந்துவிடுகின்றது. பொருளிலே மாற்றம் எதுவும் நிகழவில்லை. பெயரிலேயே மாற்றம் நிகழ்ந்தது. ஒரு சொல் இவ்வளவு பெரிய பணியைச் செய்யவல்லதாயின், அச்சொல்லின் அமைப்பு யாது, அது எதைக் கூறுகின்றது, எதைக் கூறாது விடுகின்றது என்பன ஆராயப்பட வேண்டியனவாகும்.

பாடநூல்களிலும் உள்ளூராட்சி மன்றங்களின் அறிவித்தல்களிலும் இன்று பரவலாக வழங்கும் சொற்கள் சிலவே: கழிவு, கழிவு முகாமைத்துவம், மீள்பாவனை, மீள்சுழற்சி. இவற்றுள் மீள்சுழற்சி என்பதே ஏனையவற்றை விழுங்கி நிற்கும் சொல்லாகும். அதனை மையமாகக் கொண்டு, நமது வழக்கிலுள்ள பிற சொற்களோடு ஒப்புநோக்கி, இச்சொற்றொகுதியின் சமூகப் பொருளை மதிப்பிடுவது ஈண்டு மேற்கொள்ளப்படுகின்றது.

1. சொல்லின் பிறப்பும் அமைப்பும்

மீள்சுழற்சி என்பது ஆங்கிலத்தில் 'ரீசைக்கிளிங்' எனப்படுவதன் தமிழாக்கம். அவ்வாங்கிலச் சொல் 1920களிற் கைத்தொழிற்சாலைகளுள், சிறப்பாக எண்ணெய் சுத்திகரிப்பிலே, தோன்றியது. முழுமையாக மாற்றமுறாத திரவத்தை அதே குழாயமைப்பினுள் மீண்டும் செலுத்துவதை அது குறித்தது. மூடிய தொகுதி ஒன்றினுள், அளவறிந்து, ஒரே நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் நிகழும் செயல் அது. 1960களின் பின்னரே வீட்டுக் குப்பைக்கும் வீதிப் போத்தலுக்கும் அச்சொல் விரிக்கப்பட்டது. தொழிற்சாலைக் குழாயினுட் பொருத்தமாயிருந்த வட்ட உருவகம் ஒரு சமுதாயம் முழுமைக்கும் ஏற்றப்பட்டபோது, அதனோடு ஒரு மயக்கமும் உடன் வந்தது. குழாயினுள் திரவம் வெளியே சிந்துவதில்லை. சமுதாயத்திலோ பொருள் கை மாறுகின்றது, இடம் மாறுகின்றது, சிந்துகின்றது, எரிக்கப்படுகின்றது.

தமிழகத்தார் இதனை 'மறுசுழற்சி' என்பர். ஈழத்து வழக்கு 'மீள்சுழற்சி' என்பது. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தினூடாக உருவான கலைச்சொல் மரபு, 'மீள்' என்பதை ஆங்கில முன்னொட்டொன்றின் நேரொத்த வடிவமாகப் பெரிதும் கையாண்டது. அம்மரபின் பயனை எவரும் மறுத்தற்கில்லை. விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் கற்பிக்கலாம் என்று நாட்டிக் காட்டியது அது. எனினும், எந்த மரபும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று.

சொல்லின் அமைப்பை நோக்குமிடத்து இரு உண்மைகள் புலனாகும். மீள் என்பது தன்வினை. அதன் பிறவினை மீட்டல் என்பது. சுழல் என்பதும் தன்வினை. அதன் பிறவினை சுழற்றுதல். முயல் என்பதிலிருந்து முயற்சி பிறந்தவாறே சுழல் என்பதிலிருந்து சுழற்சி பிறந்தது. ஆகவே மீள்சுழற்சி என்னும் தொடரிற் பொருள் தானே மீள்கின்றது, தானே சுழல்கின்றது. மீட்பவரும் இல்லை, சுழற்றுபவரும் இல்லை. கோள்களின் சுழற்சி போலவும் பருவங்களின் மீட்சி போலவும் ஓர் இயற்கை நிகழ்ச்சியாக அது தோற்றமளிக்கின்றது.

கலைச்சொல்லாக்கத்தில் 'மீள்' என்பது வெறும் முன்னொட்டே. தன்வினை பிறவினை ஆராய்ச்சி இவ்விடத்து வேண்டாதது என ஒருவர் கூறலாம். தனிச்சொல்லளவில் இவ்வெதிர்ப்பு ஏற்கத்தக்கதே. ஆனால் அச்சொல் இடம்பெறும் வாக்கியங்களை நோக்குவோம். 'பிளாஸ்ரிக் போத்தல்கள் மீள்சுழற்சிக்கு உட்படுத்தப்படுகின்றன' என்பதே வழமையான வாக்கிய அமைப்பு. யாரால், எங்கே, என்ன பொருளாக, யாருக்கு இலாபமாக என்ற வினாக்களுக்கு இவ்வாக்கியத்தில் இடமில்லை. செயப்பாட்டு வினை எழுவாயை மறைக்கின்றது. சொல் ஏற்கெனவே கருத்தாவை மறைத்துவிட்டது. இவ்விரு மறைவும் ஒன்றற்கொன்று துணையாகின்றன. கொள்கலன்களின் ஆவணங்கள் இத்தகைய மறைவின் நிழலிலேயே எழுதப்பட்டன என்பதை மறத்தலாகாது.

2. வட்டம் என்னும் தோற்றம்

இரண்டாவது உண்மை வட்டத்தைப் பற்றியது. சுழல்வது புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரவேண்டும். போத்தல் மீண்டும் போத்தலாகவேண்டும். சில பொருள்களில் இது ஏறத்தாழ உண்மையே. அலுமினியத்தையும் கண்ணாடியையும் தரம் குன்றாது பலமுறை உருக்கி வார்க்கலாம். பழைய அலுமினியத்தை உருக்குதற்கு வேண்டிய சக்தி, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு வேண்டியதில் ஏறத்தாழ 5 சதவீதமேயாகும். கடதாசியின் நிலை வேறு. அதன் நார்கள் ஒவ்வொரு முறையும் குறுகி, ஐந்து முதல் ஏழு முறைக்குப் பின்னர் பயனற்றுப் போகின்றன. பிளாஸ்ரிக்கின் நிலை இன்னும் வேறு. குடிபானப் போத்தல் பெரும்பாலும் போத்தலாக மீள்வதில்லை. துணி நாராகவோ தரக்குறைவான வேறொரு பொருளாகவோ மாறுகின்றது. அந்நாரை மீண்டும் போத்தலாக்குவார் அரியர். இது வட்டமன்று, படிக்கட்டு. 1994 இல் ஜேர்மானியப் பொறியியலாளர் றெய்னர் பில்ஸ், இவ்வாறு தரம் இறங்கும் செயலுக்கும் தரம் ஏறும் செயலுக்கும் வெவ்வேறு பெயர் வழங்கவேண்டும் என வற்புறுத்தியமை இதன் பொருட்டேயாம்.

2017 இல் வெளியான ஆய்வொன்றில் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2015 வரையான உலகப் பிளாஸ்ரிக் உற்பத்தியைக் கணக்கிட்டனர். உற்பத்தியான 8300 மில்லியன் தொன்னில் 6300 மில்லியன் தொன் அதுவரை கழிவாகியிருந்தது. அக்கழிவில் 9 சதவீதம் மட்டுமே மீளாக்கப்பட்டது. 12 சதவீதம் எரிக்கப்பட்டது. 79 சதவீதம் நிலத்திலோ சுற்றாடலிலோ தேங்கியது. நூற்றில் ஒன்பது பங்கு மட்டும் ஒருமுறை திரும்பிய ஒரு செயலுக்குச் சுழற்சி எனப் பெயரிடுவது வருணனையன்று, வாக்குறுதியாகும்.

இதே மயக்கம் குறியீட்டிலும் நிகழ்ந்தது. ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகளாலான முக்கோணம், 1970 இல் ஐக்கிய அமெரிக்காவில் கடதாசிப் பெட்டி உற்பத்தி நிறுவனமொன்று நடத்திய போட்டியில் மாணவரான கரி அன்டர்சன் வரைந்தது. 1988 இல் அந்நாட்டுப் பிளாஸ்ரிக் கைத்தொழிற் சங்கம், பிளாஸ்ரிக் வகைகளை வேறுபடுத்தும் 1 முதல் 7 வரையான எண்களை அத்தகைய அம்புகளுக்குள் இட்டது. எண் பொருளின் வகையையே குறித்தது. அம்பு அது மீளும் என்று சொல்லாமற் சொல்லிற்று. 2013 இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு அம்புகளை நீக்கித் திண்ணிய முக்கோணத்தை விதித்ததாயினும், அதற்குள் ஒரு தலைமுறை அக்குறியை வாக்குறுதியாகவே வாசிக்கப் பழகிவிட்டது.

சொல்லின் எல்லையை வரையறுப்பது வீண் இலக்கண வாதமன்று என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008 ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டகம் சான்று. அது ஐந்து படிகளை வரிசைப்படுத்துகின்றது: கழிவு தோன்றாது தடுத்தல், மீளப் பாவித்தற்கு ஆயத்தம் செய்தல், மீளாக்குதல், சக்தி பெறுதல் போன்ற ஏனைய மீட்புகள், இறுதியாக அகற்றுதல். எரித்து மின்சாரம் பெறுவதை மீளாக்கம் எனக் கூறலாகாது என அச்சட்டகம் வெளிப்படையாக விலக்குகின்றது. நம் நாட்டிலோ 2021 இற் கெரவலப்பிட்டியவில் 10 மெகாவாற் கொள்ளளவுள்ள குப்பை எரி மின்நிலையம் இயங்கத் தொடங்கியபின், அதனையும் மீள்சுழற்சி என்றே பேசும் போக்கைக் காண்கின்றோம். அந்நிலையத்தின் தேவை வேறு வினா. எரித்த பொருள் மீள்வதில்லை என்பதே இவ்விடத்து வற்புறுத்தப்படுவது.

3. வழக்குச் சொற்களின் உலகம்

இனி, நமது வழக்கினுள் இத்துறை சார்ந்து ஏற்கெனவே வாழும் சொற்களை நோக்குவோம். தைத்தல், ஒட்டுப்போடுதல், பின்னுதல், வேய்தல், பிரித்துக் கட்டுதல், உருக்கி வார்த்தல், ஈயம் பூசுதல், சாணை பிடித்தல், திருத்துதல் என இப்பட்டியல் நீளும். இவை யாவும் செயப்படுபொருளை அவாவி நிற்கும் வினைகள். எதனைத் தைத்தாய், எதனை உருக்கினாய் என்று கேட்காமல் இருக்கவியலாது. ஒவ்வொன்றும் ஒரு கையையும் ஒரு கருவியையும் ஒரு திறனையும் உடன் சுட்டுகின்றது. ஈழத்து வழக்கிலே பழுதான மணிக்கூட்டையும் சைக்கிளையும் 'திருத்துதல்' என்கிறோம். பிள்ளையின் எழுத்தைத் திருத்துவதற்கும் அதே சொல்லே. பிழையை நீக்கிச் செம்மை செய்தல் என்ற ஒரே கருத்து இரண்டிலும் நிற்கின்றது.

பெயர்ச்சொற்களும் இத்தகையனவே. குப்பை என்பது பழைய வழக்கிற் குவியல் என்றே பொருள்பட்டது. நெல்லின் குவியலும் குப்பையே. உழவர் வழக்கில் வயலுக்கு இடும் எருவும் குப்பையே. எறியப்பட்டது என்ற பொருள் மட்டும் நகர வாழ்வோடு மேலோங்கியது. கழிவு என்பதோ ஒரு பொருளின் பெயரன்று. ஒரு கணக்கின் பெயர். கழித்தல் என்பது கூட்டலின் மறுதலை. ஈழத்து வணிகர் 'விலைக்கழிவு' என்பதும் இக்கருத்திலேயே. ஆகவே கழிவு என்று ஒன்றைச் சொல்லும்போது, யாருடைய கணக்கிலிருந்து அது கழிக்கப்பட்டது என்று கேட்பது நியாயமானது. ஒருவர் கணக்கிற் கழிக்கப்பட்டது இன்னொருவர் கணக்கிற் கூட்டப்படலாம். கொள்கலன்களின் கதையும் இதுதான்: ஒரு நாட்டின் கணக்கிற் கழிந்தது மற்றொரு நாட்டின் மண்ணிற் கூட்டப்பட்டது.

எச்சம் என்ற சொல் இன்னும் சிந்தனைக்குரியது. பறவையின் எச்சம் என இழிபொருளிலும் அது வழங்குமாயினும், இலக்கணத்தில் எச்சம் என்பது முடிவு நோக்கி நிற்பது. பெயரெச்சம் பெயரையும் வினையெச்சம் வினையையும் வேண்டி நிற்கும். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இறுதி இயல் எச்சவியல் எனப் பெயர்பெற்று, முன்னைய இயல்களில் எஞ்சியவற்றுக்கு இடந்தருகின்றது. எஞ்சியது எறியப்படவேண்டியது என்ற கருத்து இச்சொல்லில் இல்லை. எஞ்சியது இன்னும் முடியாதது என்ற கருத்தே உண்டு.

யாழ்ப்பாணத்துப் பனையோலையின் வரலாறு இதனை விளக்கும். புதிய ஓலை கூரையையும் வேலியையும் மூடியது. வெயிலிலும் மழையிலும் நைந்த ஓலை பிரிக்கப்பட்டு அடுப்புக்கு எரிபொருளாயிற்று. அன்றேல் தோட்டத்து மண்ணிலே தாழ்க்கப்பட்டுப் பசளையாயிற்று. வேய்தல், பிரித்தல், எரித்தல், தாழ்த்தல், உக்குதல் என ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வினை இருந்தது. முழுவதற்குமான ஒரு பெயர் இருக்கவில்லை. அது தேவைப்படவும் இல்லை. இவ்வினைகளுள் ஒன்றாகிய உக்குதல், இன்று 'உக்கும் கழிவு', 'உக்காத கழிவு' என அரச அறிவித்தல்களிலும் இடம்பெற்றுள்ளது. கமக்காரரின் வாய்ச்சொல் கலைச்சொல்லான இவ்வெடுத்துக்காட்டு போற்றத்தக்கது. எந்தப் பாமரரும் அகராதியின்றி அதனை விளங்கிக்கொள்கிறார்.  மக்கள் வழக்கிலிருந்து கலைச்சொல் பிறக்கும்போது அறிவும் நடைமுறையும் ஒன்றுபடுகின்றன.

4. பழமையைப் போற்றுதல் போதாது

இவ்வாறு கூறுவதால், பழைய கிராம வாழ்வு குற்றமற்ற பொற்காலம் என்றோ அதன் சொற்கள் யாவும் தூயன என்றோ கொள்ளலாகாது. அத்தகைய பழமைவாதம் விமர்சனமாகாது. பழைய பொருளை மீளப் பாவித்தல் சாதி அமைப்பினுள்ளேதான் நிகழ்ந்தது. உடுத்துக் கழித்த உடையும் உண்டு மிஞ்சிய உணவும் குடிமை செய்வோருக்குக் 'கொடுக்கப்பட்டன'. அவர்கள் உழைப்புக்குரிய ஊதியம் இவ்வாறு பழம்பொருளாகவும் எச்சிலாகவும் வழங்கப்பட்டது. பெறுபவர் நன்றியுடையராயிருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே இருந்தது. மேற்கூறிய வினைகள் கையைச் சுட்டின. ஆனால் எந்தக் கை எந்த வேலையைச் செய்யவேண்டும் என்பதைச் சாதி விதித்தது.

வறுமையும் போரும் விதித்த மீள்பாவனையும் உண்டு. 1990 இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்ட பின்னர், ஜாம் போத்தலிற் சொற்ப மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கிலே பிள்ளைகள் படித்தனர். சைக்கிள் டைனமோவை ஒருவர் சுழற்ற மற்றவர் வானொலிச் செய்தி கேட்டனர். அவ்வாண்டிலே யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளின் கூரைகளாயின. 2014 ஒக்டோபரிலேயே புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2009 இன் பின்னர் வன்னியில் எஞ்சிய இரும்பைப் பொறுக்கி விற்று வயிறு வளர்க்க முயன்றோர், மண்ணுட் புதைந்திருந்த வெடிபொருள்களால் அங்கவீனரானதும் உண்டு. இவற்றையெல்லாம் எவரும் மீள்பாவனை எனப் பெயரிட்டுப் பரிசளிக்கவில்லை. வசதியுடையோர் விரும்பிச் செய்யும்போது பண்பாடாகக் கொள்ளப்படும் செயல், வசதியற்றோர் வேறுவழியின்றிச் செய்யும்போது பெயரற்றுப் போகின்றது.

5. செய்வோரின் பெயர்

பெயரற்றுப் போதல் ஒரு நிலை. இழிபெயர் பெறுதல் அதனினும் கொடிய நிலை. பொறுக்குதல் என்ற வினை தமிழில் உயர்ந்த பொருளுடையது. பலவற்றுள் நல்லதைத் தெரிந்தெடுத்தலே பொறுக்குதல். விதைக்கு நெல்லைப் பொறுக்கி எடுப்பர். குப்பையைப் பயன்பொருளாக்கும் நீண்ட தொடரிலே மிக முக்கியமான செயலும் இதுவே. வகை பிரிக்கப்படாத பிளாஸ்ரிக்கை எந்த ஆலையாலும் ஒழுங்காக உருக்கவியலாது. அவ்வாறிருந்தும் அவ்வினையிலிருந்து பிறந்த 'பொறுக்கி' என்னும் பெயர் இன்று வசைச்சொல். ஆலை உடையவர் மீள்சுழற்சித் தொழிலதிபர் எனப்படுகின்றார். வீடுவீடாகச் சென்று பழைய போத்தலும் பத்திரிகையும் இரும்பும் வாங்குபவர் வெறும் 'போத்தல்காரன்', 'இரும்புக்காரன்' என்ற ஒருமை விகுதியோடு நிற்கின்றார். ஒரே தொடரின் இரு முனைகளுக்கு வழங்கும் இவ்விரு பெயர்களுக்கிடையே வர்க்க இடைவெளி முழுவதும் அடங்கியுள்ளது.

நமது நகரங்களின் நகரசுத்தித் தொழிலாளரிற் பெரும்பாலோர், காலனித்துவ ஆட்சியின்போது இவ்வேலைக்கென்றே தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள். கையுறையும் காலணியும் நிரந்தர நியமனமும் கோரி அவர்கள் பேசும் மொழிக்கு, மீள்சுழற்சி பற்றிய கருத்தரங்குகளில் இடமில்லை. பொருளைப் பற்றிய சொல் நாகரிகமடைந்தது. அதனைக் கையாள்பவரைப் பற்றிய சொல் அவ்வாறே நின்றது.

இது நமக்கு மட்டுமே உரிய நிலையன்று. இங்கிலாந்தின் யோக்சயர்ப் பகுதியிலுள்ள பற்லி என்னும் ஊரிலே, 1813 அளவிற் பழைய கம்பளித் துணிகளைப் பிய்த்து, புதிய கம்பளியோடு கலந்து நூற்கும் முறை உருவானது. அத்துணிக்கு 'ஷொடி' எனப் பெயர். கார்ல் மார்க்ஸ் மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில் உற்பத்திக் கழிவுகளின் பயன்பாடு பற்றி எழுதும்போது இக்கைத்தொழிலை எடுத்துக்காட்டுகின்றார். கழிவு பெருந்தொகையாகத் திரளும்போதும், இயந்திரமும் இரசாயன அறிவும் வளரும்போதும், அது மூலப்பொருளாகிச் சந்தைக்கு வருகின்றது என்பது அவர் காட்டும் நியதி. 1861 இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரிலே, இலாப வேட்கை கொண்ட ஒப்பந்தகாரர் மட்டமான ஷொடித் துணியாற் சீருடை தைத்துக் கொடுத்தனர். அவை விரைவிற் கிழிந்தன. அதன்பின் அச்சொல் ஆங்கிலத்திற் போலியானது, மட்டமானது என்றே பொருள்பட்டது. குற்றம் ஒப்பந்தகாரருடையது, இழிவு சேர்ந்ததோ பழந்துணிக்கும் அதனைப் பிய்த்த தொழிலாளர் ஆக்கத்துக்கும்.

6. செய்யத்தக்கது யாது

மேற்கூறியவற்றிலிருந்து, மீள்சுழற்சி என்ற சொல்லை அகராதியிலிருந்து நீக்கவேண்டும் என்ற முடிபு பெறப்படாது. வழக்கூன்றிய சொல்லை ஆணையால் அகற்றவியலாது. அச்சொல்லின் எல்லையைக் குறுக்குவதும், அது விழுங்கிய சொற்களை மீட்பதுமே செய்யத்தக்கன.

முதலாவதாக, ஐந்து செயல்களை ஐந்து சொற்களாற் குறித்தல் வேண்டும். ஒரு பொருளை அதே வடிவில் அதே தேவைக்குத் திரும்பப் பயன்படுத்துதல் மீளப் பாவித்தல். பழுது நீக்கிப் பயன்படுத்துதல் திருத்திப் பாவித்தல். வடிவம் மாறாது தேவை மட்டும் மாறுதல் மாற்றிப் பாவித்தல். ஜாம் போத்தல் விளக்கானமை இவ்வகையினது. பொருளை உடைத்து, உருக்கி, அரைத்து மூலப்பொருளாக்குதல் மீளாக்குதல். அதனாற் பிறக்கும் பொருள் தரங்குறைந்ததாயின் அதனைத் தரமிறங்கிய மீளாக்கம் என வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். எரித்துச் சக்தி பெறுதல் எரித்தலே. அதற்கு வேறு பெயர் வேண்டியதில்லை.

இவ்வேறுபாடுகள் மறைவதால் நட்டமடைபவர் யார் என்பதை ஓர் எளிய எடுத்துக்காட்டாற் காணலாம். வெறும்போத்தலைக் கடையிற் கொடுத்துச் சோடா வாங்கிய வழக்கு மீளப் பாவித்தல். கண்ணாடிப் போத்தல் கழுவி நிரப்பப்பட்டு மீண்டும் கடைக்கு வந்தது. அதனைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருடையதாயிருந்தது. பிளாஸ்ரிக் போத்தல் வந்தபின் அப்பொறுப்பு வாங்குபவர் மீதும் உள்ளூராட்சி மன்றத்தின் மீதும் விழுந்தது. 'மீள்சுழற்சி செய்யத்தக்கது' என்ற சொல் போத்தலின்மேல் அச்சாயிற்று. மேலான ஒரு முறையைக் கைவிட்டுக் கீழான ஒன்றை மேற்கொண்ட மாற்றம், அச்சொல்லினால் ஒரு முன்னேற்றமாகக் காட்சியளித்தது. 'குறைத்தல், மீளப் பாவித்தல், மீள்சுழற்சி' என மாணவர் மனனம் செய்யும் வரிசையில் முதலிரண்டும் விற்பனையைக் குறைப்பன. மூன்றாவது மட்டுமே விற்பனையைத் தொடவில்லை. விளம்பரத்தில் மூன்றாவதே இடம்பெறுவது தற்செயலன்று.

இரண்டாவதாக, வாக்கியங்களுக்கு எழுவாயை மீட்டளித்தல் வேண்டும். ஒரு பாடநூலோ அறிக்கையோ பத்திரிகைச் செய்தியோ மீளாக்கம் பற்றிக் கூறும்போது, யார் செய்கிறார், எது எதுவாகின்றது, எஞ்சுவது எங்கே செல்கின்றது என்ற மூன்று வினாக்களுக்கும் விடை கூறவேண்டும். விடை கூறவியலாத வாக்கியத்தை ஐயத்தோடு நோக்கும் பழக்கத்தை மாணவரிடையே வளர்ப்பது தமிழாசிரியரின் பணியுமாகும்.

மூன்றாவதாக, இத்துறையில் உழைப்போரின் சொற்களைத் தொகுத்தல் வேண்டும். பழைய இரும்புக் கடைகளிலும் போத்தல் சேகரிப்போரிடையேயும் திருத்துவோரின் பட்டறைகளிலும் பொருளின் தரம், வகை, விலை என்பவற்றைக் குறிக்கும் சொற்கள் பல வழங்குகின்றன. கடற்றொழிற் சொற்களையும் கமத்தொழிற் சொற்களையும் தொகுப்பதில் நாம் காட்டிய ஆர்வம் இவற்றின்பாலும் செல்லவேண்டும். இவை தமிழும் சிங்களமும் கலந்து வழங்குவன என்பதாற் புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஈரினத்து உழைப்பாளரும் ஒரே தொழிலிற் கைகோத்து நிற்பதன் மொழிச்சான்றுகள் அவை.

2017 ஏப்பிரல் 14 ஆம் திகதி, புத்தாண்டுத் தினத்தன்று, கொழும்பின் மீதொட்டமுல்லவிற் குப்பைமேடு சரிந்து 30இற்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்கள் அம்மேட்டின் அடிவாரத்தில் வாழ்ந்த எளிய மக்கள். நகரம் முழுவதும் கழித்தவை அவர்களுடைய வீடுகளின்மேற் குவிந்தன. குப்பை என்ற சொல்லின் பழம்பொருளாகிய குவியல் என்பது அன்று அவ்வாறு விளங்கிற்று. கழிவு முகாமைத்துவம் என்ற தொடர் அதற்கு முன்னரும் வழக்கிலிருந்தது. மீள்சுழற்சி என்ற சொல்லும் இருந்தது. அவை யாரை நோக்கிக் கூறப்பட்டன, யாரைப் பற்றிக் கூறாது விட்டன என்ற வினாவோடு அச்சொற்களை மீண்டும் வாசிப்பது, தமிழ் ஆய்வு செய்வோர் மாண்டோருக்குச் செலுத்தவேண்டிய குறைந்தபட்சக் கடனாகும்.